மேடை நடனத்தைப் படமெடுக்க ஃபிளாஷ் வேண்டாம்

மார்சிலிங் சமூக மன்ற மேடையானாலும் எஸ்பிளனேட் அரங்கமானாலும், பிள்ளையின் பரதநாட்டியத்தைப் படமெடுக்க மேடை விளக்கொளியே போதும். ஃபிளாஷ் வெளிச்சம் ஆடுபவரின் கண்ணைக் கூசவைத்து, காலடியைத் தடுமாறச் செய்யலாம். படமெடுக்க அனுமதி உண்டா என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கேமராவில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, லென்ஸ் திறப்பு எஃப் 2.8 என வைத்துத் தொடங்கலாம். அபிநயத்திற்கு 1/125 நொடி பெரும்பாலும் போதும். விரைவான ஜதிக்கு 1/500 நொடி தேவைப்படும். பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா தானாகவே ஒளியைக் கூட்டி, முகத்தை வெளுத்துக் காட்டும். ‘ஸ்பாட் மீட்டரிங்’ முறையில் முகத்தின் ஒளியை மட்டும் அளந்தால் இதைத் தவிர்க்கலாம்.

எல்லாவற்றையும்விடத் தாள அறிவே கைகொடுக்கும். தீர்மானம் முடியும் இடத்தில் ஆடுபவர் ஒரு கணம் அசையாமல் நிற்பார். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தால், விலை குறைந்த கேமராவிலும் படம் தெளிவாக விழும்.