பள்ளியும் பாதையும்: சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு தேர்வதற்கான அளவுகோல்கள்

1. ஆய்வின் எல்லை

சென்னைப் புறநகரில் வீடு தேடும் நடுத்தரக் குடும்பம் தரகரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: அலுவலகம் போக எவ்வளவு நேரமாகும், பக்கத்தில் நல்ல பள்ளி இருக்கிறதா. பெரும்பாலும் முதல் கேள்வியே முடிவைத் தீர்மானிக்கிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை ஒரு பிள்ளைக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலை அதற்குள் பலமுறை மாறக்கூடும். எனவே பள்ளியை வைத்து இடத்தையும், வேலை எங்கே மாறினாலும் போய்வரக்கூடிய தடத்தை வைத்து ஊரையும் தேர வேண்டும். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரையிலான ரயில் தடமும் அதற்குக் கிழக்கே மேடவாக்கம், சோழிங்கநல்லூர்ப் பகுதிகளும் இங்கே ஆய்வுக்களம்.

2. கோட்பாடும் அதன் போதாமையும்

வில்லியம் அலோன்சோ 1964இல் முன்வைத்த நிலவாடகைக் கோட்பாட்டின்படி, நகர மையத்தை விட்டு விலக விலக மனை விலை குறையும், பயணச் செலவு ஏறும். இரண்டும் சமன்படும் இடத்தில் குடும்பம் தங்கும். கோட்பாடு ஒரே மையத்தை எடுத்துக்கொள்கிறது. பாரிமுனையே எல்லோருக்கும் வேலையிடமாக இருந்தால் அது பொருந்தும். கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் மனைவி சோழிங்கநல்லூருக்கும் போகிற வீட்டில் எந்த மையத்திலிருந்து தூரத்தை அளப்பது?

பள்ளி பற்றிய ஆய்வுகளில் சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்டது முக்கியமானது. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் அமைந்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால், பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அங்கே முகவரிதான் பள்ளியை முடிவு செய்கிறது. சென்னையில் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் மட்டும் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்துவிடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது தகுதியாகக் கொள்ளப்படுகிறது. அதிலும் விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்தான். ஆகவே “பிரபல பள்ளிக்கு அருகில்” என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் சேர்க்கையை வாங்கவில்லை. பிள்ளையின் நேரத்தையும் பாதுகாப்பையும் மட்டுமே வாங்குகிறார். அவை வாங்கத் தக்கவைதாம். ஆனால் சேர்க்கை கிடைத்த பிறகே அவற்றுக்கு மதிப்பு.

3. பள்ளி: தூரத்தை அளக்கும் விதம்

வரைபடத்தில் தெரியும் கிலோமீட்டர் இத்தடத்தில் ஏமாற்றும். ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, தாம்பரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிளந்திருக்கின்றன. வீடு மேற்கிலும் பள்ளி கிழக்கிலும் இருந்தால் கூப்பிடு தூரமும் சுரங்கப்பாதை, மேம்பாலம் என்று சுற்றுவழியாகிவிடும். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு எந்தக் காரணத்தாலும் வரக்கூடாது. பள்ளியும் வீடும் பாதைக்கு ஒரே பக்கம் இருப்பதை, சதுர அடி விலைக்கு முன்பாகவே நான் வைப்பேன்.

தொலைவிலுள்ள பள்ளிக்கு வேன் இருக்கிறதே என்பார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகளை அரசு அவ்வாண்டே கொண்டுவந்தது. விதிகள் அவசியம், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை விடியலிலேயே எழுந்து, ஊரெல்லாம் சுற்றும் வேனில் அரைத்தூக்கத்தில் போவதை எந்த விதியும் மாற்றாது. நடந்து போகக்கூடிய பள்ளியே முதல் தெரிவாக இருக்கட்டும்.

அரசுப் பள்ளியைப் பட்டியலில் சேர்க்காமலே வீடு தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 முதல் மருத்துவச் சேர்க்கையிலும் 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அருகிலிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்குள் போய், ஆய்வகத்தையும் கழிப்பறையையும் பார்த்து, ஆசிரியர்களிடம் பேசிவிட்டு முடிவெடுப்பதே நியாயம்.

4. பயணம்

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்ஐடி எழுந்தது. பெரிய கல்விநிலையங்களும் இந்தத் தடத்தை ஒட்டியே வந்து நின்றன. இன்றும் நெரிசலால் நேரம் மாறாத பயணம் இங்கே ரயில்தான். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டிகள் குறைகின்றன; பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியில் மனை மலிவாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அந்த மலிவை நடைமேடையில் காத்திருக்கும் நிமிடங்களோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தடத்தின் குறை, அது வடக்கு தெற்காக மட்டுமே ஓடுவது. தாம்பரத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போக மேடவாக்கம் வழிச் சாலையையோ, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையையோ நம்ப வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, மாதவரம்–சோழிங்கநல்லூர்த் தடங்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். ஆனால் அறிவிப்பு வந்தவுடன் மனை விலை ஏறிவிடுகிறது. ரயில் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. பிள்ளையோ இந்த ஜூனிலேயே பள்ளிக்குப் போயாக வேண்டும். ஓடாத ரயிலுக்கு இன்றே விலை கொடுக்கக் கூடாது.

5. மழை

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்து நகர்களிலும் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் நிற்கிறது. வீட்டுத் தளம் உயரமாக இருந்தால் போதாது. பள்ளிக்கும் நிலையத்துக்கும் போகும் தெரு மூழ்குமா என்பதை அந்தத் தெருக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

6. முடிவெடுக்கும் முறை

தனிவீடோ மனையோ வாங்குவோர் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கட்டுகிறார்கள். இடம் ஒத்துவராமல் விற்றுவிட்டு வேறிடம் வாங்கினால் மறுபடியும் அதே செலவு. ஆகவே, வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்ப்பதற்கு முன், தேர்ந்த பகுதியிலேயே ஒரு கல்வியாண்டு வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்வேன். ஜூன் மாதச் சேர்க்கை, நவம்பர் மழை, மார்ச் தேர்வு ஆகிய மூன்றையும் அந்த ஓராண்டு காட்டிவிடும். அதற்குக் கொடுக்கும் வாடகை பெரும்பாலும் ஒரு மறுபதிவுச் செலவைவிடக் குறைவு.