வெல்லெஸ்லி பங்களா பிறந்த கதை

திருகோணமலையின் பிரட்றிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் நின்று சுவரைப் பாருங்கள். கல்லில் மீன் செதுக்கியிருக்கும். பாண்டியரின் கயல் அது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பியதற்கு இன்றும் நிற்கும் சாட்சி. வாசலைத் தாண்டிக் கோயிலுக்கு ஏறினால், புள்ளிமான்கள் மேயும் கோட்டை வளவுக்குள் பழைய பங்களா ஒன்று இருக்கிறது. வெல்லெஸ்லி பங்களா என்பது அதன் பெயர்.

பங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. அந்த நாட்டுக் கூரை வீட்டைப் பார்த்து, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி தாழ்வாரம் வைத்துக் கட்டிக்கொண்ட ஆங்கிலேயர், தாங்கள் போன இடமெல்லாம் அந்தப் பெயரையும் கொண்டுபோனார்கள்.

திருகோணமலைக் கோட்டையை அவர்கள் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது 1795 ஆகஸ்டில். வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் சென்னைக் கரையில் போர்க்கப்பல்கள் ஒதுங்க இடம் கிடையாது. ஆழமும் காவலும் ஒருங்கே அமைந்த துறைமுகம் திருகோணமலையில்தான் இருந்தது. அதனால்தான் 1800 டிசம்பரில் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே வந்து இறங்கினார். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் சீரங்கப்பட்டணத்தை ஆண்டு, திப்புவின் தோட்ட அரண்மனையான தரியா தௌலத்தில் குடியிருந்தவர் அவர். கவர்னர் ஜெனரலாக இருந்த அண்ணன் ரிச்சர்ட், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீசியஸைத் தாக்கப் படை திரட்டும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்திருந்தார்.

படை காத்திருக்கும்போதே திட்டம் மாறியது. எகிப்துக்குப் போக வேண்டும் என்ற கட்டளை வந்தது. 1801 பெப்ரவரியில் வெல்லெஸ்லி படையைக் கப்பலேற்றிப் பம்பாய்க்குக் கொண்டுபோனார். தலைமையோ அவரைவிட மூத்தவரான டேவிட் பேர்டுக்குப் போயிற்று. அந்த மனக்கசப்போடு பம்பாய் சேர்ந்தவரைக் காய்ச்சலும் தோல் நமைச்சலும் படுக்கையில் தள்ளின. நைட்ரிக் அமிலம் கலந்த நீரில் குளிப்பதுதான் வைத்தியம். மேனி துடைத்த துணிகூடப் பொசுங்குமாம். அவர் ஏறிப்போக வேண்டியிருந்த சூசன்னா என்ற கப்பல், அவரில்லாமலே புறப்பட்டுச் செங்கடலில் எல்லோரோடும் மூழ்கியது. நோயால் பிழைத்தவர் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். உலகம் அவரை வெலிங்டன் கோமகன் என்று அறிந்தது.

அந்தப் புகழ் திரும்பி வந்து கோட்டைக்குள் இருந்த பங்களாவில் ஒட்டிக்கொண்டது. அவர் நோயாய்க் கிடந்து உயிர்தப்பியது இந்த வீட்டில்தான் என்று கதையும் வளர்ந்தது. அது சரியல்ல. அவர் நோயாய்ப் படுத்தது பம்பாயில். இங்கே அவர் தங்கியது சில வாரங்கள். அதுவும் நல்ல உடம்போடு, படை நடத்தும் ஆசையோடு. கோட்டைக்குப் பிரட்றிக் என்ற பெயர்கூட அப்போது இல்லை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரை அதற்குச் சூட்டியது 1803இல்தான்.

கதையைத் திருத்துவதால் பங்களாவின் பெருமை குறையாது. ஒரு தளபதி காய்ச்சலில் தப்பிய இடம் என்பதைவிட, அவரையும் அவர் படையையும் கடல் கடந்து வரவழைத்த துறைமுகத்தின் வீடு என்பதே அதற்குப் பெரிய பெருமை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி வந்தது அந்தத் தண்ணீருக்காகத்தான். வந்தவர்கள் பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள். கோட்டைக்குக் கல் கொடுத்த கோயில் மட்டும் மறுபடி எழுந்து அதே மலையுச்சியில் நிற்கிறது. அர்ச்சனைத் தட்டோடு ஏறும் அடியார்கள் இன்றும் அந்த மீன்களைக் கடந்துதான் போகிறார்கள்.