புனைந்த மனையும் புனல்வழிச் செலவும்: பண்டைத் தமிழ் இல்வாழ்வில் பருவ ஒப்பனையும் குறும்பயணமும்

ஆய்வுச்சுருக்கம்

பருவத்திற்கேற்ப மனையை அணிசெய்தலும், ஆறு, கடல், குன்றம் ஆகிய அண்மை இடங்களுக்குச் சென்று விரைவில் மீளும் குறும்பயணமும் பண்டைத் தமிழ் நகர வாழ்வின் இரு பழக்கங்கள். விழா ஆய்வுகளில் முதலாவது சமயச் சடங்காகவும் இரண்டாவது பொழுதுபோக்காகவும் தனித்தனியே பேசப்படுகின்றன. நெடுநல்வாடை, அகநானூறு, பரிபாடல், சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் குறிப்புகளைக் கொண்டு, இவ்விரண்டும் ஒரே இல்வாழ்வுச் சுழற்சியின் இரு பாதிகள் என்பதையும், யார் புறப்பட்டார், யார் மனையில் தங்கினார் என்னும் வினாவே அவற்றை இணைக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மனை ஒப்பனை, புதுப்புனல், கடலாடல், நெடுநல்வாடை, பரிபாடல், சிலப்பதிகாரம்

முன்னுரை

சங்க காலச் சமூக வரலாறு பெரும்பாலும் போர், கொடை, வணிகம் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. மனைக்குள் நிகழ்ந்த அன்றாட வாழ்வுக்கு அதில் கிடைத்த இடம் குறைவு. இலக்கியம் மரபு சார்ந்தது. அதன் வருணனைகளை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கை தேவையானதே. எனினும், பாடலின் மையக் கருத்துக்கு நேரடியாகத் தேவைப்படாத சிறு புழங்குபொருள் குறிப்புகள் தனி மதிப்புடையவை. கேட்போர் அறிந்த வீட்டைக் கண்முன் நிறுத்தவே புலவர் அவற்றைப் பயன்படுத்துகிறார். அத்தகைய குறிப்புகளே இக்கட்டுரையின் முதன்மைச் சான்றுகள்.

கூதிர்கால மனை

188 அடிகளைக் கொண்ட நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் நகர மனை, பருவத்தோடு சேர்ந்து மாறும் மனை. வேனிலில் பயன்பட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதில் சிலந்தி நூல் படர்ந்துள்ளது. தென்றலுக்காகத் திறந்து வைத்த மேல்மாடப் பள்ளியின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் பயனின்றிக் கிடக்கிறது. குறுகிய வாயுடைய கலத்தின் குளிர்ந்த நீரை எவரும் பருகவில்லை. அகன்ற வாயுடைய தடாவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கின்றனர். கூந்தலில் சூடும் மலர்கூடக் குறைந்து, அகிற்புகை மிகுகிறது.

மேகம் மூடிய வானத்தில் பொழுது தெரியாத நிலையில், பெண்கள் பிச்சியின் அரும்புகளைத் தட்டில் இட்டு, அவை மலர்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததை அறிகின்றனர். பின்னர் இரும்பால் செய்த விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். இங்கே மலர் அழகுப் பொருளாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் இருப்பதோடு காலங்காட்டும் கருவியாகவும் செயற்படுகிறது. பருவத்தை மனைக்குள் கொண்டுவரும் இந்த அறிவும் உழைப்பும் பெண்களுடையவை என்பதைப் பாடல் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகிறது.

அரசியின் உறைவிடத்தில் ஒப்பனை வேறொரு தளத்தை அடைகிறது. வெள்ளி போன்ற சுதை பூசிய மாளிகையின் சுவரில் பூங்கொடி ஓவியம் படர்ந்துள்ளது. கட்டிலின் மேல் விதானத்தில் திங்களோடு பிரியாதிருக்கும் உரோகிணி தீட்டப்பட்டிருக்கிறாள். பாசறையில் இருக்கும் தலைவனைப் பிரிந்த அரசி அதைப் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். புனைந்த மனை, புறத்தே சென்றவரின் இன்மையை மிகுவிக்கிறது.

அகநானூற்றின் 141-ஆம் பாடலும் இவ்வுணர்வின் மற்றொரு வடிவம். மழைக்காலம் நீங்கிய கார்த்திகை முழுநிலா நாளில் தெருவில் விளக்குகளை ஏற்றி, மாலைகளைத் தொங்கவிட்டு ஊரார் கூடிக் கொண்டாடும் விழாவுக்குத் தலைவன் வந்து சேர வேண்டும் என்று தலைவி விரும்புகிறாள். தெருவை அணிசெய்தல் ஓர் அழைப்பாகவும் பொருள்படுகிறது.

ஆறும் குன்றமும்

பழைய கணக்கின்படி 70 பாடல்களைக் கொண்டிருந்த பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22; அவற்றுள் 8 வையைக்கு உரியவை. பரிபாடலும் கலித்தொகையும் பிற தொகைகளினும் காலத்தாற் பிற்பட்டவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மதுரை மக்கள் புதுப்புனல் வந்த செய்தி கேட்டதும் பலவகை ஊர்திகளில் கரைக்கு விரைவதை இப்பாடல்கள் காட்டுகின்றன. இப்பயணத்தின் நாளை வெள்ளமே முடிவு செய்தது.

திருப்பரங்குன்றப் பயணத்தைக் கூறும் 19-ஆம் பாடல், குறும்பயணத்தின் நுட்பமான ஆவணம். மதுரையிலிருந்து மக்கள் திரளாகக் குன்றுக்குச் செல்கின்றனர். குரங்குகளுக்குத் தின்பண்டமும் யானைகளுக்குக் கரும்பும் கொடுப்போர் உண்டு. கோயிலின் ஓவிய மண்டபத்தில் இரதியையும் காமனையும், பூனை வடிவில் இந்திரனையும், அகலிகையையும் கௌதமனையும் சுட்டி ஒருவர் வினவ மற்றவர் விளக்குகிறார். தம்மவரைப் பிரிந்து பாறைகளுக்கிடையே வழிதவறிய சிறுமி கூவி அழைக்கிறாள். அரசனின் வருகையைப் பாடும் அதே பாடல் வழிதவறிய ஒரு குழந்தையையும் கவனித்திருக்கிறது. வழிபாடு, கல்வி, விளையாட்டு, கூட்ட நெரிசலின் அச்சம் ஆகியவை ஒரே நாளுக்குள் அடங்குகின்றன.

ஆயினும் இப்பயணங்களை ஊரார் அனைவரின் ஒருமித்த மகிழ்ச்சியாக மட்டும் வாசித்தல் பொருந்தாது. அகநானூற்றின் 6-ஆம் பாடலில், உறந்தைக் காவிரியில் வேழப்புணை தழுவி வேறொருத்தியோடு முந்தைய நாள் புனலாடிய தலைவன் இன்று மனைக்கு வந்து இனிய சொற்களைப் பேசுகிறான். தலைவி அவற்றை ஏற்கவில்லை. பரிபாடலின் 20-ஆம் பாடலில் தலைவியும் வையைக்கு வருகிறாள். தன்னிடமிருந்து காணாமற்போன அணிகலன் பரத்தையின் உடலில் இருப்பது அங்கே தெரியவருகிறது; ஊரறியப் பூசல் எழுகிறது. மனையில் மறைந்திருந்த உண்மை ஆற்றங்கரையில் வெளிப்படுகிறது. எனவே, குறும்பயணம் மனையின் ஒழுங்கிலிருந்து பெறும் விடுப்பு மட்டுமன்று. அவ்வொழுங்கு பலர்முன் சோதிக்கப்படும் களமுமாகும்.

புகாரின் விழாவும் கடற்கரையும்

மணிமேகலையின் விழாவறை காதையில், முரசு ஏற்றிய யானைமேலிருந்து விழா அறிவிக்கப்படுகிறது. தோரணம், பூரண கும்பம், பாலிகை, பாவை விளக்கு ஆகியவற்றை அமைக்கவும், கமுகு, வாழை, கரும்பு நடவும், மாடங்களிலும் வாயில்களிலும் கொடிகளைச் சேர்க்கவும், தெருவில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பவும் ஆணை பிறக்கிறது. விழா 28 நாள் நீடிப்பது. நெடுநல்வாடையில் பருவத்தின் தேவையால் நிகழ்ந்த மனை மாற்றம், இங்கே அறிவிப்பின்வழி நகர் முழுவதற்கும் பொதுவாகிறது. மணல் மாற்றும் ஆணை, அணிசெய்தல் என்பது புதியதைச் சேர்ப்பதற்கு முன் பழையதை நீக்குவதும் ஆகும் என்னும் கருத்தைத் தெளிவாக உணர்த்துகிறது.

சிலப்பதிகாரம் இவ்வொப்பனையையும் பயணத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது: இந்திர விழவூர் எடுத்த காதையைத் தொடர்வது கடலாடு காதை. விழாவின் முடிவில் கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலும் ஏறிக் கடற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே புன்னை நிழலில், புதுமணலில், ஓவியத் திரை சூழ, விதானத்தின்கீழ் வெண்கால் கட்டில் இடப்படுகிறது. புனைந்த வீட்டையே அவர்கள் உடன் கொண்டு சென்றிருக்கின்றனர் எனலாம். ஒப்பனையும் பயணமும் இவ்வளவு நெருங்கும் இடத்திலேயே கானல்வரி இசைக்கப்பட்டு அவர்களின் பிரிவும் நேர்கிறது.

இதற்கு எதிர்நிலையில் இருப்பவள் கண்ணகி. கோவலனைப் பிரிந்த நாள் முதல் அவள் மையும் குங்குமமும் அணிகளும் துறந்தவள். கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி அவளை ஒரு குறும்பயணத்திற்கு அழைக்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடலாம். அது பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். இம்மறுப்பு அவளுடைய கற்பின் சான்றாகவே பெரிதும் விளக்கப்பட்டுள்ளது. இல்வாழ்வு வரலாற்றின் நோக்கில் மற்றொன்றும் புலனாகிறது: துறையாடவும் கோட்டம் தொழவும் புறப்படுதல் பெண்களுக்கு இயல்பான வழியாக இருந்ததனாலேயே தேவந்தி அதைப் பரிந்துரைக்கிறாள். நகர் முழுதும் ஒப்பனை கொண்ட காலத்தில் புனையாமலும் புறப்படாமலும் இருந்தவளின் முதல் நெடுஞ்செலவு, மீளா மதுரைப் பயணமாகவே அமைகிறது.

பிற்காலத் தொடர்ச்சி குறித்து

இன்று போகியில் பழையன கழித்து, வெள்ளையடித்து, கோலமிட்டு, இறுதியில் காணும் பொங்கலன்று ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ செல்வதிலும், ஆடிப்பெருக்கில் சித்திரான்னங்களுடன் காவிரிக்குச் செல்வதிலும் இதே இருபாதி அமைப்பைக் காண்கிறோம். இவற்றைச் சங்க கால வழக்கின் அறுபடாத எச்சங்கள் எனக் கூறுவது மிகை; இடைக்காலச் சான்றுகளைத் தனியே ஆராய்ந்த பின்னரே அவ்வாறு கூற இயலும். ஒப்பிடத்தக்கது அமைப்பு மட்டுமே. அதிலும் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. வையையின் வெள்ளமே புனலாட்டின் நாளை முடிவு செய்தது. ஆடி 18 நாட்காட்டியில் நிலைத்த நாள். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், அந்நாளில் காவிரியில் நீர் வருவது அணையின் நீர்த்திறப்பையும் சார்ந்ததாயிற்று. பருவம் அழைத்த பயணம், நாள் குறித்த பயணமாக மாறியிருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மனை ஒப்பனை பருவத்தை வீட்டிற்குள் கொண்டுவருகிறது. குறும்பயணம் வீட்டாரைப் பருவத்திடம் கொண்டு செல்கிறது. இரண்டாவது, ஒப்பனையின் அன்றாட உழைப்பு பெண்களுடையதாக இருக்க, பயணத்தின் இன்பம் சமமாகப் பகிரப்படவில்லை. அந்தச் சமமின்மையிலிருந்தே அகப்பாடல்களின் ஊடலும் காப்பியத்தின் பிரிவும் பிறக்கின்றன. மூன்றாவது, விழா வரலாற்றை அரசன், கோயில், கூட்டம் ஆகியவற்றின் வரலாறாக மட்டும் எழுதும்போது, அரும்பு மலர்வதைப் பார்த்துப் பொழுதறிந்து விளக்கேற்றியவர்கள் விடுபட்டுப் போகின்றனர். சிலந்தி நூல் படர்ந்த விசிறியும், மாற்றப்பட்ட தெருமணலும், ஆற்றங்கரையில் அடையாளம் காணப்பட்ட அணிகலனும் அவர்களின் வரலாற்றுக்கான சான்றுகள். அவ்வரலாற்றை எழுதுவதற்கு இச்சிறு பொருள்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.