கோதுமை பியரும் கோமகன் கஜானாவும்

டுங்கல்வைசன்னு ஒரு ஜெர்மன் பியர். கோதுமை மால்ட்டோட, அதிக சூட்டுல உலர்த்தின மால்ட் சேர்க்கிறதால கரும்பழுப்பு நிறம். இப்போ பலர் வீட்டிலேயே காய்ச்சுறாங்க. (கல்லீரல் பத்தி இன்னொரு நாள் திட்டுறேன். இது வரலாறு மட்டும்.)

1516-ல பவேரியாவில் இதுக்கு வழியே இல்லை. பியர்னா பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்னு சட்டம். கோதுமை ரொட்டிக்கு வேணுமாம். நியாயம்தானேன்னு தோணும். ஆனா டெகன்பெர்க் பிரபுக்கள் மட்டும் கோதுமை பியர் காய்ச்சலாம்!

1602-ல அந்த வம்சம் வாரிசில்லாம முடிஞ்சது. உரிமை கோமகன் மாக்சிமிலியன் கைக்குப் போச்சு. உடனே கோதுமை பியர் அரசு ஏகபோகம், கஜானாவுக்குக் கொழுத்த வருமானம். ரொட்டிக் கவலை எங்க போச்சுன்னு கேட்காதீங்க.

மவுசு குறைஞ்ச பிறகு, 1872-லதான் ஜார்ஜ் ஷ்னைடர்ங்கிற காய்ச்சுபவர் அரச குடும்பத்துக்கிட்டேருந்து அந்த உரிமையை வாங்கினார்.