காகிதத்தைப் படிக்கக் கற்றவர்கள்

ஆழ்ந்து வாசிப்பதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வைகறையில் எழு, தனியறையில் அமர், மனத்தை ஒருமுகப்படுத்து என்று மாணவர்க்குப் போதிக்கிறோம். போதனையில் தவறில்லை. ஆனால் தனியறை யாரிடம் இருந்தது? கந்தப்பளைத் தேயிலைத் தோட்டங்களை மனத்தில் கொண்டு இக்கேள்வியைக் கேட்டால், வாசிப்பின் வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வழியில், 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்தது கந்தப்பளை. முன்னொரு காலத்தில் இவ்வூர் வழியே குறுகிய இருப்புப்பாதை ஒன்றும் ஓடிற்று. தேயிலைக்கு வழி உண்டாயிற்று. உழைப்போரின் உறையுள் மாறவில்லை. லயக்காம்பரா ஒன்றின் வழக்கமான அளவு 12 அடிக்கு 10 அடி. சமையல், உறக்கம், பிரசவம், சாவு யாவும் அதற்குள்தான். அடுப்புப் புகை, மங்கிய மண்ணெண்ணெய் விளக்கு, விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலி. இத்தகைய இடத்தில் ஒருவர் ஒரு பக்கத்தை இரண்டாம் முறை படித்தாரென்றால், அதற்கு வலுவான காரணம் இருந்திருக்க வேண்டும்.

காரணம் இருந்தது. மலைநாட்டுத் தொழிலாளிக்கு எழுத்து முதன்முதலில் அறிமுகமானது கதையாகவோ கவிதையாகவோ அன்று. தன்னைக் கட்டிய கயிறாகவே. கங்காணியின் கடன் கணக்கு, வேலை நாளைக் குறிக்கும் செக்ரோல், இவற்றுக்கு மேலாகத் 'துண்டு'. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி தடுத்த அச்சிறு சீட்டு 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. எழுதியவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் வேறொருவர். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்ய வேண்டுமென 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகங்களைப் பணித்தது. எனினும் பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவிலேயே அது நின்றது.

1920-இல் இலங்கைக்கு வந்து குடியேறிய கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளின் வழியே தோட்டத்துத் துயரை அச்சேற்றினார். அந்நியர் தோட்டத்துள் புகத் துரையின் அனுமதி வேண்டும். ஆகவே அவர் புடவை வியாபாரியாய் உள்ளே போனார் என்பர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரின் பணி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. உரிமை மறுப்பையும் சட்டத்தின் சூதையும் பாடல்களாக்கிச் சிறு நூல்களாக வெளியிட்டார். கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்தறியாதவரிடம் அச்சு சென்று சேரக் குரல் வேண்டியிருந்தது. தமிழகத்துப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டவையே. இதனை வாசிப்பில் சேர்க்காத அறிஞர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு வரியை நிறுத்தி, பொருள் கேட்டு, மீண்டும் படிக்கச் சொல்லும் கூட்டம், தனியறையில் பக்கங்களைப் புரட்டித் தள்ளுபவரைக் காட்டிலும் ஆழமாக வாசிக்கிறது.

1865-இல் கியூபாவின் ஹவானா நகரில் சுருட்டுத் தொழிலாளர் தம்முள் ஒருவரை வாசிப்பவராக அமர்த்தி, இலை சுருட்டியபடியே நூல்களைக் கேட்டனர். அவருடைய கூலியைத் தம் கூலியிலிருந்தே கொடுத்தனர். மறு ஆண்டே ஆட்சியாளர் அதற்குத் தடை விதித்தனர்! தொழிலாளர் கவனம் குவிந்தால் யாருக்கு அச்சம் என்பதை அத்தடை காட்டுகிறது. கொழுந்து பறிக்கும் சரிவில் வாசிப்பவருக்கு நாற்காலி போட இயலாது. மலைநாட்டவர்க்கு மிஞ்சியது அந்தி நேரத்து இஸ்தோப்புத் திண்ணை ஒன்றுதான்.

அக்கவனத்துக்கு மிகக் கொடிய சோதனை 1949-இல் வந்தது. முந்திய ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் குடியுரிமை கோரலாம் என்றது இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக வசித்ததை நிறுவ வேண்டும். 'தொடர்ச்சியாக' என்ற அவ்வொரு சொல்லில் குடும்பங்களின் தலைவிதி தொங்கிற்று. தாய் தந்தையரைப் பார்க்க ஊருக்குப் போய் நெடுநாள் தங்கியவரின் தொடர்ச்சி அறுந்துபோகும். பிறப்புப் பதிவு எங்கே, தோட்டப் பதிவில் பெயர் எப்படி எழுதப்பட்டது, 'இராமாயி' ஓரிடத்தில் 'ராமாய்' ஆனாளா? விண்ணப்பங்கள் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியிருந்தன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். காகிதத்தைச் சரிவரப் படித்திருந்தால் யாவரும் வென்றிருப்பர் என்று நாம் சொல்லவில்லை. சட்டமே விலக்குவதற்கென வகுக்கப்பட்டது. ஆயினும் தான் எதில் கைநாட்டு வைக்கிறோம் என்று அறியாமலே தோற்றவரின் துயரம் இரு மடங்கு.

1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மறுபடியும் விண்ணப்பத் தாள்களைக் கொணர்ந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் எண்களாயினர். நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இன்று நம் மாணவர் கையில் கைபேசி இருக்கிறது. கண் வரிகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. அவர்களைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர், வகுப்பில் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, ஒவ்வொரு சொல்லிலும் நின்று, 'இதை யார் எழுதினார், யாருக்காக?' என்று கேட்க எத்தனை நாள் ஒதுக்கினார்? லயத்தைவிட்டுத் தனி வீட்டுக்குப் போவோரின் கைக்கு இப்போது காணியைப் பற்றிய காகிதங்கள் வருகின்றன. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பாட்டி அவற்றை நீட்டுவது, பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தியிடந்தான்.