குழாயின் விட்டமும் சர்க்காரின் அச்சமும்

ஆரணி என்றால் இன்று தறியும் பட்டுச்சேலையும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கதைகளில் அதே ஊர் கோட்டையாகவும் கிடங்காகவும் வருகிறது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபை ஆரணி அருகே முறியடித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, கர்நாடகப் போர்க்களத்தில் ஹைதர் அலி தன் தளவாடங்களைச் சேர்த்து வைத்திருந்த முக்கியக் கிடங்கு ஆரணிக் கோட்டையே. 1782 ஜூனில் கும்பினிப் படைத்தலைவர் சர் அயர் கூட் இந்தப் பக்கம் படை நடத்தியது அந்தக் கிடங்கைக் குறிவைத்துத்தான். ஜூன் 2 அன்று சண்டை நடந்தது, ஆனால் கோட்டை கூட்டின் கைக்கு வரவில்லை. மருந்தும் குண்டும் எவர் கையில் இருக்கின்றனவோ அவரே நாட்டை ஆள்வார் என்பதைக் கும்பினியாருக்கு இத்தகைய ஊர்கள் நன்றாகவே உணர்த்தின. அடுத்த நூற்றாண்டில், ஒரு பெரிய மானை வீழ்த்த எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்ற கேள்விக்கும் இந்த அச்சமே விடையைத் தீர்மானித்தது என்பது என் வாதம். வேட்டைக்காரர் விலங்கைப் பார்த்துத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தார் என்று வேட்டை நூல்கள் நம்மை நம்பவைக்கின்றன. அவர் முதலில் பார்த்தது சட்டத்தை.

விலங்கின் உடல் என்ன கேட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்திய இரலைகளில் பெரியது நீலகாய். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும், கழுத்திலும் மார்பிலும் தோல் தடித்திருக்கும். தமிழ்நாட்டுக் காடுகளில் அது இல்லை. வட ஆர்க்காட்டுச் சமவெளியின் வெளிமான் 40 கிலோ அளவில் நின்றுவிடும். ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலையில் நீலகாயின் எடைக்கு ஈடுசொல்லக்கூடியது கடமான்தான், அது இரலை இனமல்ல என்றாலும். பலமுறை சுட்டும் விழாமல் ஓடிய ஒரு நீலகாயைத் துரத்திய கதையை ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். திரித்துப்பாக்கியின் உருண்டை ஈயக்குண்டு தடித்த தோலிலும் தோள் எலும்பிலும் நசுங்கி வேகமிழந்துவிடும், உயிர்நிலைவரை போகாது. இலங்கையில் நுவரெலியாவில் தங்கி வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் கனமான, முழு ஈயத் தோட்டாவுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். நுனியில் குழிவிட்ட இலேசான தோட்டா மேலேயே சிதறிவிடும், பெரிய விலங்கு காயத்தோடு ஓடிப்போகும் என்பது அவர் கட்சி. புகையில்லா மருந்து வந்தபின் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்தது. தோட்டாவைச் செம்புக்கலவை உறையால் மூடி, நுனியில் மட்டும் ஈயத்தைத் திறந்துவிட்டார்கள். தோலைத் துளைத்து உள்ளே போனபின் அந்த நுனி காளான்போல் விரிந்து, ஒரே குண்டில் விலங்கைச் சாய்க்கும். இதே அமைப்பைக் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலை 1890களில் படைவீரர்களுக்கு ஆக்கியது, 1899 ஹேக் மாநாடு அதைப் போரில் விலக்கியது. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கப்பட்ட தோட்டாவே, காயத்தோடு நாள்கணக்கில் அலையவிடாது என்பதால் விலங்குக்குக் கருணை என்று காட்டில் ஏற்கப்பட்டது. இரண்டு தீர்ப்பும் சரியென்றே நினைக்கிறேன்.

ஆக, 1900 வாக்கில் தொழில்நுட்பம் தன் வேலையை முடித்துவிட்டது. எது வேலை செய்யும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் யார் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது வேறு கணக்கு. 1857இன் நினைவு ஆறாத நிலையில் லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் கேட்டது, அதன் விதிகளோ ஐரோப்பியருக்கு விலக்குத் தந்தன. மலையடிவாரத்துக் குடியானவர் கையில் மிஞ்சியது நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, மேலே ஈயக்குண்டைப் போட்டு, மறுபடியும் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடிக்குப் பின் அடுத்த வெடிக்கு வெகுநேரமாகும். மருந்து நமுத்தால் அந்த ஒன்றும் இல்லை. ஜஹாங்கீரின் நீலகாய் தப்பி ஓடிய அதே வகைக் குண்டு, முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் இங்கே கடமானை நோக்கிப் பாய்ந்தது. திறமைக் குறைவோ அறியாமையோ இதற்குக் காரணமல்ல. ஆரணி ஜாகீர்தார்கள் பூசிமலைக்குப்பம் காட்டை ஒட்டி மாளிகை கட்டிக்கொள்ள முடிந்தது, காட்டோரக் குடியானவருக்குப் பின்பக்கம் தோட்டா போடும் ஒரு நல்ல துப்பாக்கி எட்டாக்கனி.

விலக்குப் பெற்ற வெள்ளைக்காரரும் விரும்பியதையெல்லாம் வாங்கிவிட முடியவில்லை. என் வாதத்துக்கு வலுவான சான்று இங்குதான் இருக்கிறது. 1898இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 480 கிரெயின் தோட்டாவை நொடிக்கு ஏறத்தாழ 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. காட்டெருமைக்கே போதுமான வலிமை அது. 1907இல் இந்தியாவுக்குள் 450 போர் (குழாய் விட்டம்) துப்பாக்கிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியும் 450 போர், கிளர்ச்சிக்காரர் கையிலிருக்கும் மார்ட்டினிக்கு அந்த அளவுத் தோட்டா போய்ச்சேரலாம் என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் குழாய் விட்டத்தைச் சற்றே மாற்றி 465, 470, 475 என்று புதுத் தோட்டாக்களை இறக்கினார்கள். 470இன் தோட்டா 500 கிரெயின், வேகம் அதே 2,150 அடி. விலங்கின் உடலுக்கு இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசத்துக்காக ஒரு தலைமுறை வேட்டைத் துப்பாக்கிகளே மாறின.

பொது அமைதிக்கான நியாயமான ஏற்பாடுதானே, இதில் அரசியல் எங்கே என்று கேட்கலாம். ஆளைக் கொல்லும் வலிமையைக் குறைப்பதே நோக்கமென்றால் தடை தோட்டாவின் எடையையும் வேகத்தையும் அளந்திருக்கும். அது அளந்தது விட்டத்தை மட்டுமே. படையின் தோட்டா வெளியே புழங்கக் கூடாது என்பதே குறி. படையின் 303 தோட்டாவுக்கும் இதே கதி. நாட்டின் ஒவ்வொரு கன்டோன்மென்ட்டிலும் குவிந்திருந்த, மானுக்குத் தாராளமாகப் போதுமான அந்தத் தோட்டா தனியார் கைக்கு விலக்கப்பட்டது. அதனால் பர்மிங்காமின் பிஎஸ்ஏ, லீ என்ஃபீல்டின் அதே பூட்டமைப்பில் ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவைப் பொருத்தி 315 ரைஃபிளைச் செய்து இந்தியாவுக்கு விற்றது. 244 கிரெயின் கனத் தோட்டா, மிதமான வேகம். கிட்டத்தில் அடித்தால் நீலகாயும் கடமானும் விழும். தொலைவில் தோட்டா சீக்கிரம் தாழ்ந்துவிடும். எந்த வேட்டைக்காரரும் கேட்டுப் பிறந்த துப்பாக்கியல்ல அது.

மகாராஜாக்களைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கடைகளில் அவர்கள் நினைத்ததை வாங்கினார்களே என்பார்கள். வாங்கினார்கள்தான், ஆனால் அவர்கள் சிலரே. உரிமம் வாங்கிய வழக்கறிஞருக்கும் மிராசுதாருக்கும் வாய்த்தது 315ம் பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கியும்தான். அதைவிட வலுவான மறுப்பு ஒன்று: அச்சம் அந்நியருடையது என்றால், அவர்கள் போனபின் நிலைமை மாறியிருக்க வேண்டுமே? மாறவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் தடைசெய்யப்பட்ட போர், தடைசெய்யப்படாத போர் என்ற பிரிவினையை வைத்துக்கொண்டது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை அதே 315ஐத் தயாரித்து விற்றது. இதனால் என் வாதம் தளரவில்லை, விரிகிறது. அச்சம் கும்பினிக்கோ வெள்ளைக்காரருக்கோ மட்டும் உரியதல்ல. நாட்டை ஆளும் எவரும் அதைச் சுதந்தரித்துக்கொள்கிறார்.

1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே நிறுத்தியபின் கேள்வி தீர்ந்துவிட்டது என்று தோன்றியது. வெளிமானும் கடமானும் மிஞ்சியிருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பயிர் மேயும் விலங்கின் வடிவில் கேள்வி திரும்பி வந்தது. 2016 ஜூனில் பீகாரின் மோகாமா பகுதியில் 200க்கும் மேற்பட்ட நீலகாய்கள் அரசு அனுமதியோடு சுடப்பட்டன. சுட்டவர்கள் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டைக்காரர்கள், வயல்காரர்கள் அல்ல. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஆணையிட்டபோது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவற்றைச் சுடும் வேலையைப் பயிற்சி பெற்ற வனத்துறையினரிடம் மட்டுமே கொடுத்தது. ஜவ்வாது அடிவாரத்துக் கடலைக் காட்டுக்காரர் பன்றி இறங்கிய இடத்தைத் தகவல் சொல்லிவிட்டுத் துப்பாக்கி வரும்வரை காத்திருக்க வேண்டும்.