அரிக்கமேட்டு ஓடும் ரோமாபுரி ஆசிரியரும்



நம் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியில் செய்த சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகளும் திராட்சை மது வந்த இருகாது ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று அன்றைய ரோமாபுரி அறிஞர் பிளினி அங்கலாய்த்தார்.

அதே காலத்தவர் செனெகா. ஆடம்பரத்தைக் கண்டித்தவர், ஆனால் தாமே பெருஞ்செல்வர். இதை அன்றே பலர் குத்திக்காட்டினார்கள். செல்வம் நமக்கு அடிமையாக இருக்கலாம், நாம் அதற்கு அடிமையாகக் கூடாது என்பது அவர் பதிலின் சாரம். லூசிலியஸ் என்ற நண்பருக்கு எழுதி, இன்று நமக்குக் கிடைத்துள்ள 124 கடிதங்களில் ஒன்றில், வாழ்க்கைக்காகப் படிக்காமல் பள்ளிக்கூடத்துக்காகப் படிக்கிறோமே என்று வருந்துகிறார். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விரட்டும் நமக்கும் இது பொருந்தும்.

அவரிடம் படித்தவன் நீரோ. பேரரசனான அவனே கி.பி. 65இல் ஆசிரியரைச் சாகச் சொல்லி ஆணையிட்டான். அறிவை ஆசிரியர் கொடுக்கலாம். ஒழுக்கத்தை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

விடுமுறையில் பேரப்பிள்ளைகளை நம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அரிக்கமேட்டு ஓடுகளைக் காட்டும்போது இந்த ஆசிரியரின் கதையையும் சொல்லுங்கள்.